கண்மாய்க்கரை யாருக்கு?

தீபாவளி வந்தால் நாடெங்கும் வெடிச்சத்தம். சிவகங்கைச் சீமையிலே, திருப்பத்தூருக்குப் பக்கத்திலே, இரண்டு சிற்றூர்களில் மட்டும் அன்றைக்கும் அமைதி. ஒன்று கொள்ளுக்குடிப்பட்டி, மற்றொன்று வேட்டங்குடிப்பட்டி. அங்கே குழந்தைகள் இல்லையா? இருக்கிறார்கள். வெடி கொளுத்த ஆசை இல்லையா? இருக்கத்தான் செய்யும். ஆனாலும் கொளுத்துவதில்லை. கண்மாயிலே கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரண்டு போய்விடக்கூடாது என்று, அரை நூற்றாண்டாக அந்த ஊர் மக்கள் தாமாகவே ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு அது. போலீசு வந்து தடுக்கவில்லை; அபராதம் போட்டு அடக்கவில்லை. ஊர் கூடிச் செய்த முடிவு. ஊர் கூடிக் காப்பாற்றி வரும் முடிவு.

மழைக்காலத்தில் கண்மாய் நிரம்பினால் நத்தை குத்தி நாரை வருகிறது, பாம்புத்தாரா வருகிறது, கரண்டிவாயன், சாம்பல் நாரை, வக்கா, அரிவாள் மூக்கன் எல்லாம் வருகின்றன. தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களிலே கூடு கட்டிக் குஞ்சு பொரித்துக் கோடை வரும்போது கிளம்பிவிடுகின்றன. 1977-ஆம் ஆண்டு அரசாங்கம் இந்தக் கண்மாய்களைப் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தது. பரப்பு 38.4 ஹெக்டேர், ஏறத்தாழ 95 ஏக்கர். சர்க்கார் பலகை நட்டது 1977-இல். அந்தப் பலகைக்கு உயிர் கொடுத்து வருவது ஊரின் ஒழுக்கம்.

தீபாவளி தோறும் பத்திரிகைகள் இந்தச் செய்தியைப் போடுகின்றன. வன இலாகா அதிகாரிகள் வந்து ஊராருக்கு இனிப்பு வழங்குகிறார்கள். படம் வருகிறது, பாராட்டு வருகிறது. நாமும் பாராட்டுகிறோம். ஆனால் பாராட்டோடு நிற்க நமக்கு மனமில்லை. ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். இந்தக் கண்மாய்க்கரையிலே, இதைப் போன்ற ஏரிக்கரைகளிலே, காட்டிலே, மலையடிவாரத்திலே, ஒரு நாள் வந்து தங்கி, காற்று வாங்கி, பிள்ளை குட்டிகளோடு சோறுண்டு, இரவு நட்சத்திரம் பார்த்துப் படுத்துவிட்டுப் போகும் உரிமை யாருக்கு உண்டு? காருள்ளவனுக்கு மட்டுமா? காரைக்குடி ஜவுளிக் கடையிலே காலையிலிருந்து இரவு வரை துணி மடிக்கும் தொழிலாளிக்கும் உண்டா?

ஓய்வு உல்லாசமா?

இதைக் கேட்டவுடனே நமது தோழர்களிலேயே சிலர் சிரிப்பார்கள். "வயிற்றுக்குப் போதாத கூலி வாங்குகிறவனிடம் போய்க் கூடாரம், ஏரிக்கரை என்று பேசுகிறீர்களே, முதலில் கூலியைப் பேசுங்கள்" என்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லவேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

கூலி என்பது என்ன? உழைப்பாளி தன் வாழ்நாளிலே ஒரு பகுதியை விற்று வாங்கும் காசு. விற்காமல் தன்னிடம் வைத்துக்கொள்ளும் நேரம் எது? அதுதான் ஓய்வு. ஆகவே ஓய்வைப் பேசுவதும் கூலியைப் பேசுவதும் வெவ்வேறு அல்ல. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் தனக்கு என்று உலகத் தொழிலாளர் முழங்கினார்களே, அந்த மூன்றாவது எட்டு மணி எதற்காக? வெறுமனே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கவா? மனிதனாக வாழ்வதற்கு. படிக்க, பாட, பேச, நடக்க, மரநிழலில் படுக்க.

நமது நாட்டுத் தொழிற்சங்க வரலாறே நேரத்தைக் கேட்டுத் தொடங்கிய வரலாறுதான். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்கள் எடுத்துச் சொன்ன குறைகளில் ஒன்று, பகல் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. 1923 மே முதல் நாள், இந்தியாவிலேயே முதன்முறையாக மே தினத்தைச் சிங்காரவேலர் கொண்டாடினாரே, எங்கே கொண்டாடினார்? சென்னைக் கடற்கரையிலே. திறந்த வெளியிலே, கடற்காற்றிலே, கட்டணமில்லாமல் யாரும் வந்து உட்காரக்கூடிய மணலிலே. அந்த இடம் பொது இடமாக இருந்ததால் அந்தக் கூட்டம் நடந்தது. இதை நாம் மறந்துவிடக் கூடாது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எல்லை கட்டி, வாரம் ஒரு நாள் விடுமுறை என்றும், சம்பளத்தோடு ஆண்டு விடுப்பு என்றும் வகுத்தது. ஆனால் சட்டத்தின் நிழல் எட்டாத தலைகள் எத்தனை! கட்டட வேலை செய்பவர், மூட்டை தூக்குபவர், செங்கல் சூளையில் வேகுபவர், ஓட்டலில் எச்சில் இலை எடுப்பவர், வீட்டு வேலை செய்யும் தாய்மார், மோட்டார் சைக்கிளிலே பொட்டலம் கொண்டுபோகும் இளைஞர், இவர்களுக்கு விடுமுறை என்றால் கூலியில்லாத நாள் என்று அர்த்தம்.

ஜவுளிக் கடைகளிலே நாள் முழுதும் நின்றே வேலை செய்யும் பெண்களுக்கு உட்கார ஓர் ஆசனம் வேண்டும் என்று தமிழ்நாட்டிலே சட்டம் வந்தது எந்த ஆண்டு தெரியுமா? 2021. உட்காருவதற்கே சட்டம் வேண்டியிருந்தது! அதற்கு அடுத்து, 2023 ஏப்ரலிலே, தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலையைப் பன்னிரண்டு மணி நேரமாக்க வழி செய்யும் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. கட்சி வேறுபாடு பாராமல் எதிர்த்தன. மே தினத்தன்றே மசோதா திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. நேரத்தைப் பறிக்க வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதற்கும், சேர்ந்து நின்றால் தடுக்கலாம் என்பதற்கும் இதைவிடச் சான்று வேண்டுமா?

கூடாரம் நமக்குப் புதிதா?

ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவது வெள்ளைக்காரன் பழக்கம், பணக்காரன் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் நமது சீமையைச் சரியாகப் பார்க்காதவர்கள்.

ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளைப் பாருங்கள். வயற்காட்டிலே பட்டி அடித்து, கூண்டுக்குள் குட்டிகளை அடைத்து, வானமே கூரையாக மாதக்கணக்கில் படுக்கிறார்கள். அது அவர்களுக்கு உல்லாசமல்ல, பிழைப்பு. தை மாதம் செட்டிநாட்டு நகரத்தார் குன்றக்குடி வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடக்கிறார்கள். வழியிலே தங்குகிறார்கள், கூட்டமாகச் சமைக்கிறார்கள், கூட்டமாக உறங்குகிறார்கள். நூற்றாண்டுகளாக நடக்கும் நடை அது. திருக்கோஷ்டியூரிலே மாசித் தெப்பத்தன்று குளக்கரை முழுதும் விளக்கு எரிகிறது. பல ஊர்ப் பெண்கள் கட்டுச்சோறு கொண்டுவந்து, கரையிலே விளக்கேற்றி, கரையிலே உட்கார்ந்து, கதை பேசி ஊர் திரும்புகிறார்கள். ஏழைப் பெண்ணுக்கு ஆண்டிலே ஒரு நாள் வீட்டுக்கு வெளியே நீர்க்கரைக் காற்று கிடைக்கிறது என்றால் அன்றைக்குத்தான். விளக்கைப் பற்றி நமக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு இருக்கலாம். அந்தக் காற்றைப் பற்றி இல்லை.

கோடையிலே கண்மாய் வற்றினால் மீன்பிடித் திருவிழா. ஊத்தா, கச்சா, தூரி என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஊரே தண்ணீரில் இறங்குகிறது. சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. பிடித்தவன் வீட்டில் அன்று மீன் குழம்பு. பொங்கலையொட்டிச் சிராவயல் பொட்டலிலே மஞ்சுவிரட்டு. இவையெல்லாம் என்ன? திறந்த வெளியிலே மக்கள் கூடி மகிழும் வழிகள். இவற்றுக்கு உல்லாசப் பிரயாண இலாகா பெயர் சூட்டவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை எல்லாம் ஏதாவதொரு திருநாளைச் சார்ந்து நிற்கின்றன. சாமிக்கு ஒரு நாள் என்றால் முதலாளி விடுமுறை தருகிறான். மனிதனுக்கு ஒரு நாள் என்றால் தரமாட்டேன் என்கிறான். நாம் கேட்பது மனிதனுக்கான நாள்.

மான்செஸ்டர் பாட்டாளி வாங்கித் தந்தது

உலகத்திலே தேசியப் பூங்காக்கள் எப்படி வந்தன? அமெரிக்காவில் 1872-இல் எல்லோஸ்டோன் வந்தது சர்க்காரின் சட்டத்தால். இங்கிலாந்தில் வந்ததோ தொழிலாளியின் காலடியால்.

மான்செஸ்டர் என்றால் பஞ்சாலை. வாரம் ஆறு நாள் புகையிலும் பஞ்சுத் தூசியிலும் வாழ்ந்தவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை மூச்சு விடப் பக்கத்திலே மலை இருந்தது. ஆனால் அந்த மலை பிரபுக்களின் வேட்டைக்காடு. காட்டுக் கோழி சுட ஆண்டுக்குச் சில நாள் வரும் பிரபுவுக்காக, ஆண்டு முழுதும் காவல்காரன் கம்போடு நின்றான். 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. நூற்றுக்கணக்கான இளந்தொழிலாளர்கள் கூட்டமாகக் கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டு நிலத்தில் ஏறினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் பென்னி ராத்மன். அப்போது அவருக்கு வயது இருபது. காவல்காரர்களோடு கைகலப்பு, கைது, வழக்கு. ஐந்து பேருக்குச் சிறைத்தண்டனை. நடந்தார்கள் என்பதற்காகச் சிறை!

அந்தச் சிறைவாசம் வீண்போகவில்லை. நாடெங்கும் பேச்சு கிளம்பியது. 1938-இல் சம்பளத்தோடு விடுமுறைச் சட்டம் வந்தது. போர் முடிந்து, தொழிற்கட்சி ஆட்சியில் 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-இல் முதல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது எது? அந்தக் கிண்டர் ஸ்கௌட் இருக்கும் பீக் வட்டாரம்தான். அதே ஆண்டில் ஏரிகள் நிறைந்த லேக் வட்டாரமும் தேசியப் பூங்காவாயிற்று. எழுபது ஆண்டு கழித்து, 2002-இல், அந்த மலைக்குச் சொந்தக்காரராயிருந்த டெவன்ஷயர் பிரபுவின் பேரனே, தன் பாட்டனார் செய்தது தவறு என்று பகிரங்கமாக வருந்தினார். இன்று லேக் வட்டாரத்தின் ஏரிக்கரையில் கூடாரம் அடிக்கும் குடும்பங்கள், அந்த ஐந்து பேரின் சிறைக்கதவு வழியாகத்தான் அங்கே வந்தன என்றால் மிகையாகாது.

பிரான்சிலே 1936. மக்கள் முன்னணி தேர்தலில் வென்றது. ஆலைகளிலே தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்தார்கள். நாற்பது மணி வாரமும், சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையும் சட்டமாயின. ரயில் கட்டணத்திலே சலுகை தரப்பட்டது. அந்தக் கோடையிலே சைக்கிளிலும் ரயிலிலும் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்கள்.

கவனியுங்கள், தோழர்களே. அங்கே மூன்றும் சேர்ந்து வந்தன. நேரம் வந்தது, போக வண்டி வந்தது, தங்க இடம் வந்தது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயனற்றவை. இடத்தை மட்டும் அழகுபடுத்தி நேரத்தைத் தராவிட்டால் அது காருள்ளவனுக்கே போகும். நேரத்தை மட்டும் தந்து இடத்தைத் தராவிட்டால் தொழிலாளியின் விடுமுறை சாராயக் கடையிலே கழியும்.

தேக்கடி சொல்லும் பாடம்

நமக்குப் பக்கத்திலே ஏரிக்கரைத் தேசியப் பூங்கா எது? பெரியாறு. எல்லையைத் தாண்டினால் தேக்கடி. அந்த ஏரி இயற்கை தந்ததல்ல. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபோது தேங்கிய தண்ணீர் அது. பென்னிகுயிக்கின் பெயரை நன்றியோடு சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காட்டிலே கல்லும் சுண்ணாம்பும் சுமந்து, காய்ச்சலிலும் வெள்ளத்திலும் மாண்ட நூற்றுக்கணக்கான கூலிகளின் பெயரைச் சொல்ல ஆளில்லை. அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைக்கு வந்து, மதுரையை நனைத்து, நமது சிவகங்கைச் சீமையின் ஒரு பகுதிக்கும் கால்வாய் வழியாக வருகிறது. ஏரியை உண்டாக்கியது உழைப்பு. இன்று அந்த ஏரியிலே படகு விடுவதும், கரையிலே தங்குவதும் பெரிய வியாபாரம்.

அந்த வியாபாரத்திலும் நல்லது உண்டு, கெட்டது உண்டு. இரண்டையும் சொல்வோம்.

நல்லது இது. ஒரு காலத்தில் அந்தக் காட்டிலே மரப்பட்டை உரித்தும், விலங்கு வேட்டையாடியும், வழக்குக்கும் சிறைக்கும் அலைந்துகொண்டிருந்தவர்களை, 1990-களின் பிற்பகுதியில் வன இலாகா கூப்பிட்டுப் பேசியது. வழக்கு என்று விரட்டுவதற்குப் பதிலாக, வழிகாட்டி வேலை தந்தது. காட்டின் ஒவ்வொரு தடமும் தெரிந்தவர்கள் அவர்கள்தானே! இன்று பயணிகளை அழைத்துப்போய்க் காட்டுக்குள் கூடாரத்தில் தங்கவைத்துத் திரும்பக் கொண்டுவருவது அவர்களில் உருவான குழு. வருமானம் குழுவுக்கு, காவல் காட்டுக்கு. குமுளிப் பக்கத்துப் பெண்கள் வசந்த சேனை என்று பெயரிட்டுத் தாமாகவே காட்டைச் சுற்றி ரோந்து போகிறார்கள். மக்களை நம்பினால் காடு பிழைக்கும் என்பதற்கு இது கண்கூடான சாட்சி.

கெட்டது இது. 2009 செப்டம்பர் 30. அந்த ஏரியிலே உல்லாசப் படகு கவிழ்ந்தது. 45 உயிர்கள் போயின. மாண்டவர்களில் தமிழ்நாட்டவரும் பலர். விடுமுறைக்குப் போனவர்கள் பிணமாக வந்தார்கள். தேனி மாவட்டத்துக் குரங்கணியிலே 2018 மார்ச் 11. மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. 23 பேர் மாண்டார்கள். அவர்களிலே பெரும்பாலோர் உழைத்துச் சம்பாதிக்கும் இளைஞர்கள். வேலை நாட்களின் களைப்பைப் போக்கப் போனவர்கள். ஆகவே "திறந்துவிடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. திறந்த இடத்திலே பாதுகாப்பும் இருக்க வேண்டும். எண்ணிக்கைக்கு வரம்பு, தேர்ந்த வழிகாட்டி, மிதவைச் சட்டை, தீ எச்சரிக்கை, பக்கத்திலே மருத்துவ உதவி. இவை இல்லாத உல்லாசம் உயிரோடு விளையாட்டு.

காசால் வரம்பா? கணக்கால் வரம்பா?

இங்கேதான் விவாதத்தின் முடிச்சு இருக்கிறது. "எல்லோரும் வந்தால் பறவை போய்விடும், காடு அழிந்துவிடும்" என்கிறார்கள் இயற்கை ஆர்வலர்கள். அவர்கள் சொல்வது உண்மை. 95 ஏக்கர்க் கண்மாய் ஆயிரக்கணக்கானவர்களைத் தாங்காது. ஒலிபெருக்கி வைத்தால் ஒரே நாளில் நாரைக் கூடு காலியாகும். ஆகவே வரம்பு வேண்டும். நாம் மறுக்கவில்லை.

ஆனால் வரம்பை எதனால் போடுவது? காசால் போடுவதா? கணக்கால் போடுவதா?

காசால் போட்டால் என்ன ஆகும்? கட்டணத்தை ஏற்று, தங்கும் விடுதியை ஆயிரக்கணக்கில் வை, கூட்டம் தானாகக் குறையும். ஏழை வெளியே நிற்பான். பணக்காரன் உள்ளே போவான். பறவைக்கும் நிம்மதி, பெட்டிக்கும் வரவு! அதிகாரிகளுக்கு இது எளிய வழி. எளிய வழி என்பதால்தான் எங்கும் இதையே பிடிக்கிறார்கள்.

2024 அக்டோபரிலே தமிழக அரசாங்கம் மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 14 மாவட்டங்களிலே 40 பாதைகள். இணையத்தில் முன்பதிவு; காட்டைத் தெரிந்த பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகள். குரங்கணிக்குப் பின் ஒழுங்கு வந்ததையும், பழங்குடி மக்களுக்கு வேலை வந்ததையும் வரவேற்கிறோம். ஆனால் தொடங்கியபோது சில பாதைகளுக்குக் கட்டணம் ஆயிரக்கணக்கில் இருந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர் போனால் தொழிலாளி வீட்டு மாதச் செலவே அதிலே போய்விடும். இதை மக்கள் திட்டம் என்று எப்படிச் சொல்வது?

கணக்கால் வரம்பு போடவும் முடியும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வாகன நெரிசல் தாங்காமல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையிலே வாகனங்களுக்கு எண்ணிக்கை வரம்பு வந்தது. நீலகிரிக்கு வேலை நாளில் 6,000, வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசாங்கப் பஸ்ஸில் வருகிறவருக்குத் தடையில்லை. இதிலே குறை சொல்லலாம்; நடைமுறைக் கஷ்டம் பேசலாம். ஆனால் தத்துவத்தைப் பாருங்கள். கார்களுக்கு எண்ணிக்கை, பஸ்காரனுக்கு வழி. பணப்பையைப் பார்க்கவில்லை, முறையைப் பார்த்தது. இதே தத்துவம் ஏரிக்கரைக்கும் காட்டுக்கும் வரட்டும் என்கிறோம். இடம் குறைவா? முறை வைத்து விடு. இன்று நீ, நாளை நான். ரேஷன் கடையில் வரிசையில் நிற்கத் தெரிந்த மக்களுக்கு ஏரிக்கரைக்கும் வரிசையில் நிற்கத் தெரியும்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தேசியப் பூங்கா வேறு, சரணாலயம் வேறு. தேசியப் பூங்காவிலே மேய்ச்சல் கூடாது. தனியார் உரிமைகள் தீர்க்கப்பட்டுவிட வேண்டும். சரணாலயத்திலே சில உரிமைகள் தொடர இடம் உண்டு. காட்டைக் காக்க இந்த வேறுபாடு தேவையே. ஆனால் நடப்பிலே என்ன காண்கிறோம்? ஆட்டுக்காரனின் கால் வெளியே போகிறது. உல்லாசக்காரனின் ஜீப் உள்ளே வருகிறது. காலங்காலமாகக் காட்டோடு வாழ்ந்தவர்களுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஓர் ஆயுதம் தந்தது. அந்த ஆயுதத்தை உறையிலேயே வைத்திருக்கிறார்கள்.

ராமானுஜர் ஏறிய கோபுரம்

திருக்கோஷ்டியூரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் ராமானுஜர் பதினெட்டு முறை நடந்து வந்து மந்திரம் கேட்டாராம். யாருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு நம்பி சொன்னாராம். கேட்டவர் கோவிலின் மேலே ஏறி, கூடியிருந்த எல்லாச் சாதியாருக்கும் கேட்க உரக்கச் சொல்லிவிட்டாராம். "நான் நரகம் போனால் போகிறேன்; இத்தனை பேர் நற்கதி அடைவார்களே" என்பது அவர் சொன்னதாகப் பரம்பரையாகச் சொல்லப்படும் கருத்து.

மந்திரத்தால் கதி கிடைக்குமா என்ற ஆராய்ச்சி இந்தப் பத்தியின் வேலையல்ல. ஆனால் ஒருவன் கையிலே பூட்டி வைத்திருந்ததை ஊருக்கெல்லாம் திறந்துவிட்டவர் என்பதால் அந்தப் பெயர் ஆயிரம் ஆண்டாக நிற்கிறது. பக்கத்திலே பிரான்மலை இருக்கிறது. பாரியின் பறம்பு அதுதான் என்பார்கள். முல்லைக்குத் தேர் தந்தவன் என்று அவனைப் பாடினார்கள். கொடுத்தவனைத்தான் இந்தச் சீமை நினைவில் வைத்திருக்கிறது, பூட்டியவனை அல்ல. அப்படிப்பட்ட சீமையிலே கண்மாய்க்கரை, மலையடிவாரம், காட்டு நிழல் ஆகியவற்றைக் கட்டணப் பலகையால் பூட்டுவது பொருந்துமா?

என்ன வேண்டும்?

திட்டமாகச் சொல்கிறோம்.

முதலாவது, நேரம். வார விடுமுறை, பண்டிகை விடுமுறை, சம்பளத்தோடு ஆண்டு விடுப்பு, இவை கடைத் தொழிலாளிக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் வீட்டு வேலைப் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை நாட்கள் விடுமுறை என்று சட்டம் சொல்கிறது. தருகிறார்களா என்று கடைக்குக் கடை கணக்கெடுப்பது நமது தொழிற்சங்கங்களின் வேலை. அமைப்பு சாராத் தொழிலாளிக்கு, நல வாரியத்தின் வழியாக ஆண்டுக்குச் சில நாளாவது விடுப்பு ஊதியம் வேண்டும்.

இரண்டாவது, வண்டி. பறவைக் காலத்திலே ஞாயிற்றுக்கிழமை தோறும் காரைக்குடி, சிவகங்கை, மதுரையிலிருந்து வேட்டங்குடிக்கு அரசாங்கப் பஸ் நிற்க வேண்டும். கார் நிறுத்த மைதானம் கட்டும் காசிலே பஸ் விடலாம்.

மூன்றாவது, இடம். கூடு உள்ள கண்மாயிலே கூடாரம் வேண்டாம், அது கூடாது. இரவிலே வெளிச்சமும் சத்தமும் பறவைக்கு ஆகாது. சற்றுத் தள்ளி, பள்ளிப் பிள்ளைகளும் தொழிலாளர் குடும்பங்களும் தங்க எளிய கொட்டகை, குடிநீர், கழிப்பறை, குப்பைக் கிடங்கு. இருக்கும் இடத்தில் பழுதுபார்க்கட்டும், இல்லாத இடத்தில் கட்டட்டும். குறைந்த வாடகை, முறை வைத்து இடம். மாடி விடுதி வேண்டாம். நீச்சல் குளம் வேண்டாம். கண்மாயை விட்டுவிட்டுக் குளத்தில் நீந்த யாரும் வரவில்லை.

நான்காவது, ஊருக்குப் பங்கு. அரை நூற்றாண்டு வெடியை விட்டுக்கொடுத்த ஊருக்கு ஒரு பொட்டலம் இனிப்பு போதுமா? வழிகாட்டி வேலை, காவல் வேலை, சமையல் வேலை, கட்டண வருவாயில் பங்கு, எல்லாம் முதலில் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்களுக்கு. கண்மாயின் வரத்துக் கால்வாயைத் தூர்வாருவது அதற்கும் முன்னே. தண்ணீர் வராவிட்டால் பறவை வராது. பறவை வராவிட்டால் பேச்சே இல்லை. 2025 பிப்ரவரியில் பக்கத்து ராமநாதபுரத்தின் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்கள் சேர்ந்து, ராம்சார் உலகப் பட்டியலில் தமிழ்நாட்டு ஈரநிலங்கள் 20 ஆயின. அந்த இருபதில் வேட்டங்குடி இல்லை. ஏன் இல்லை என்று நமது பிரதிநிதிகள் கேட்கட்டும்.

நமக்கும் கடமை உண்டு

உரிமையைக் கேட்பவன் ஒழுக்கத்தையும் ஏற்க வேண்டும். இதை நமது தோழர்களுக்கு ஒளிவு மறைவின்றிச் சொல்கிறோம். கிளைச் சங்கம் ஏரிக்கரைக்குப் போகிறதா? ஒலிபெருக்கி வேண்டாம். கொடி கட்ட மரத்திலே ஆணி அடிக்க வேண்டாம். மதுப்புட்டி கரையிலே உடையக் கூடாது. வெறுங்காலோடு இறங்கும் மாட்டுக்காரச் சிறுவனின் பாதத்திலே அது ஏறும். பிளாஸ்டிக் பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். பெண்களை வீட்டிலே சமைக்க விட்டுவிட்டு ஆண்கள் மட்டும் போவது விடுமுறையல்ல. அவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை வேண்டும். பறவையின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். கேட்கவேண்டியதை அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். இந்தப் பாடத்தில் அவர்களே நமக்கு வாத்தியார்கள்.

ஏனென்றால், காசில்லாதவன் வந்தால் இடம் கெடும் என்று சொல்லித்தான் கதவை மூடுகிறார்கள். அந்தச் சொல்லைப் பொய்யாக்குவது நமது கையில் இருக்கிறது. கொள்ளுக்குடிப்பட்டி அதை ஏற்கெனவே பொய்யாக்கிவிட்டது. கட்டணப் பலகையும் கம்பி வேலியும் செய்ய முடியாததை, உழுது பிழைக்கும் சாதாரண மக்கள் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு அரை நூற்றாண்டு செய்து காட்டியிருக்கிறார்கள். அந்த மக்களின் அண்ணன் தம்பிகளுக்கு, அக்காள் தங்கைகளுக்கு, ஆண்டிலே இரண்டு நாள் ஏரிக்கரையிலே படுத்தெழ இடம் கேட்கிறோம். சம்பளத்தோடு கேட்கிறோம். முறையோடு கேட்கிறோம். கிடைக்கும் வரை கேட்போம்.